படகு கட்டும் கல்லும் மீன் வாழும் மனையும்

மலைநாட்டிலே மரக்கறி பயிரிடுவோருக்கும் நெல் விளைவிப்போருக்கும் கடலைப்பற்றி எடுத்துரைப்பது பொருத்தமோ எனச் சிலர் ஐயுறலாம். அக்கரப்பத்தனையிலிருந்து எத்திசை நோக்கினும் தேயிலை மலைகளும், கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகளுமே கண்ணிற்படும். ஆயினும் கடல் நமக்கு அந்நியமன்று. லயங்களின் அடுப்பிலே வேகும் நெத்தலியும் கருவாடும், சம்பலில் இடிக்கும் மாசியும் கடல் தந்தவையே. அன்றியும், ஆக்ரா ஓயாவில் இன்று ஓடும் நீர் கொத்மலை ஓயாவாகி, மகாவலியிற் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலையடைகின்றது. ஆதலின், கடலுயிர்கள் எவ்வாறு உறைவிடம் தேடுகின்றன, மனிதர் கடலில் இடும் பொருள்கள் அவற்றுக்கு எவ்வாறு உதவுகின்றன, நமது பாத்திகளிலிருந்து வழிந்தோடும் மண் அவ்வுதவியை எவ்வாறு கெடுக்கக்கூடும் என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

படகுக் கட்டு என்பது யாது?

படகொன்றைக் கரையோரத்தில் நிறுத்துவதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று, படகிலிருந்தே நங்கூரத்தை இறக்குதல். நங்கூரம் நிலத்தைக் கொழுவிப் பிடிப்பதனால், இறக்கும்போதும் தூக்கும்போதும் அடிநிலம் உழப்படுகின்றது. முருகைக்கற் பாறையின்மீது நங்கூரம் விழுந்தால், பல ஆண்டுகள் வளர்ந்த முருகைக்கல் ஒரே நொடியில் உடைந்துவிடும். மற்றையது, நிலையான கட்டு ஒன்றை அமைத்தல். கனத்த கொங்கிறீற்றுக் கல் ஒன்றைக் கடலடியில் இருத்தி, அதிலிருந்து சங்கிலியை மேலே கொண்டுவந்து, சங்கிலியின் தலையில் ஒரு மிதவையைப் பொருத்துவர். வரும் படகு அம்மிதவையைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஒரே இடத்தில் பல படகுகள் நாள்தோறும் தரிக்கும் துறைகளில் இரண்டாம் வழியே சிறந்தது.

ஆயினும் அதிலும் ஒரு குறை உண்டு. முளையிற் கட்டிய மாட்டைக் கமக்காரர் அறிவர். கயிறு எட்டுமளவும் மாடு வட்டமாகச் சுற்றி மேய்ந்துவிடும். வட்டத்திற்கு அப்பால் புல் செழித்திருக்கும், உள்ளே வெறுந்தரையாகும். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பப் படகு சுழலும்போது, கடலடியிற் கிடக்கும் மிகைச் சங்கிலியும் அவ்வாறே நிலத்தை அரைத்துச் சுற்றுகின்றது. சங்கிலியின் 5 மீற்றர் நீளம் நிலத்தில் உரசுமாயின், ஏறக்குறைய 78 சதுர மீற்றர், அதாவது 3 பேர்ச் நிலம், கடற்புல்லின்றி வெறுமையாகின்றது. கடற்புல் என்பது வெறும் பாசியன்று; வேரும் தண்டும் இலையும் பூவும் உடைய நிலைத்திணையே. மீன்குஞ்சுகளும் இறாலும் அதனிடையே மறைந்து வளர்கின்றன. கடற்பசு அதனையே மேய்ந்து உயிர்வாழ்கின்றது. வேர் அறுந்தபின் மண் கலங்கும். கலங்கிய இடத்தில் புல் மீண்டும் பிடிப்பது அரிது.

இக்குறையை நீக்கப் பல நாடுகளில் இரு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன. ஒன்று, சங்கிலியின் இடையிலே நீருக்குள் சிறு மிதவையொன்றைக் கோத்து, சங்கிலி நிலத்தைத் தொடாதவாறு தூக்கி வைத்தல். அல்லது சங்கிலிக்குப் பதிலாக இழுபடும் இறப்பர்க் கயிற்றைப் பயன்படுத்தல். மற்றையது, பெருங்கல்லுக்குப் பதிலாகத் திருகாணி போன்ற இரும்புத் தண்டை நிலத்துள் முறுக்கி இறக்குதல். அவ்வாறு இறக்கிய தண்டு மிகச் சிறிதளவு நிலத்தையே மறைக்கும்.

கல்லின்மீது உயிர் குடியேறும் முறை

கடலிலே மணலும் சேறும் மிகுந்த அடிநிலங்கள் பரந்து கிடக்கின்றன. பற்றிக்கொண்டு வாழும் உயிர்களுக்கு அங்கே பிடிப்பில்லை. அத்தகைய நிலத்தில் ஒரு கல்லை இட்டால், அது தரிசின் நடுவே நட்ட மரத்தை ஒக்கும். முதல் நாட்களிலேயே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படியும். அதன்மேல் நுண்பாசிகள் வளரும். பின்னர் நீரில் மிதந்து திரியும் சிப்பி, மட்டி முதலியவற்றின் இளவுயிர்கள் இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். கடற்பஞ்சுகளும், சூழ்நிலை நன்றாயின் முருகை உயிர்களும் சேரும். இவற்றை உண்ணச் சிறு நண்டுகளும் மீன்களும் வரும். அவற்றை உண்ணப் பெருமீன்கள் வரும்.

மீன்கள் அங்கே தங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கல்லின் மறைவில் நீரோட்டத்தின் வேகம் தணிவதால் மீன் வீணே நீந்திக் களைக்க வேண்டியதில்லை. பொந்துகள் பகைவரிடமிருந்து காப்பளிக்கும். கணவாய் போன்றவை தம் முட்டைகளை ஒட்டுவதற்குக் கொப்பையோ கயிற்றையோ வேறு திண்ணிய பொருளையோ நாடும். வயலிலே கமக்காரர் பறவைகளுக்குத் தாங்கிக் கொம்பு நட்டால், பறவை வந்தமர்ந்து புழுவைத் தின்னும். கொம்பு உணவன்று, இருக்கையே. இருக்கை கிடைத்ததும் உயிர் தானாக வருகின்றது. கடலிலும் முறை இதுவே.

உறைவிடமாகும் கட்டுக்கல்லின் அமைப்பு

படகைப் பிடித்து நிறுத்துவதற்காக இடப்படும் கல்லையே உயிர்களுக்கும் உகந்ததாகச் செய்யலாம் என்பது இக்காலத்துப் பொறியியலாளரும் கடலியலாளரும் கைக்கொள்ளும் கருத்தாகும். இதற்கு வேண்டுவன பின்வருமாறு:

1. கல்லின் புறம் வழவழப்பாக இருத்தலாகாது. சொரசொரப்பும் பள்ளங்களும் உள்ள புறத்திலேயே இளவுயிர்கள் எளிதில் ஒட்டும்.

2. பொந்துகள் பலவளவினவாக இருத்தல் வேண்டும். விரலளவு துளையில் மீன்குஞ்சு ஒளியும். கையளவு குழியில் நண்டும் சிங்க இறாலும் தங்கும். எல்லாத் துளைகளும் ஒரேயளவாயின், ஒரேவகை உயிரே குடியிருக்கும்.

3. பொந்துகளுக்கு இரண்டு வாயில்கள் இருப்பின் நீர் உள்ளே தங்கிக் கெடாது ஓடும்.

4. கல்லின் பிடிப்புக் குறைதல் கூடாது. கொங்கிறீற்று நீருக்குள் தன் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை இழக்கின்றது. கரையில் 1,000 கிலோகிராம் நிறையுள்ள கல், நீருள் 600 கிலோகிராமுக்கும் குறைவாகவே அழுத்தும். பொந்துகள் குடைவதனால் மேலும் குறையும் நிறையை, கல்லைப் பெரிதாக்கி ஈடுசெய்தல் வேண்டும். இன்றேல் புயலில் படகும் போகும், மீன் மனையும் உருண்டு உடையும்.

5. கல் வெறுமணலில் இருத்தப்படல் வேண்டும். கடற்புல்லின்மீதோ முருகைக்கல்லின்மீதோ இருத்துவது, இருக்கும் மனையை இடித்துப் புதுமனை கட்டுவதை ஒக்கும்.

கல்லுக்கு மட்டுமன்றித் துறைத் தூண்களுக்கும் இக்கருத்துப் பொருந்தும். ஒல்லாந்து நாட்டின் ரொட்டர்டாம் துறைமுகத்தில் தூண்களைச் சுற்றியும் மிதவைகளின் கீழும் பாவாடைபோல் நைலோன் கயிறுகளைத் தொங்கவிட்டபோது, அவற்றில் மட்டிகள் அடர்ந்து வளர்ந்தன. அவுஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில், அருகிவந்த கடற்குதிரை இனமொன்றை வளர்த்து, 2020ஆம் ஆண்டில் கம்பிக்கூடுகளில் விட்டனர். அக்கூடுகளில் பாசியும் பஞ்சும் படர்ந்து, கடற்குதிரைகள் வாலாற் பற்றி நிற்க இடமளித்தன.

நம் நாட்டிலும் அயலிலும் உள்ள வழக்கங்கள்

இக்கருத்துப் புதியதெனினும் இதன் வேர் பழமையானது. நீர்கொழும்புக் களப்பிலே கண்டல் மரக்கொப்புகளைக் கட்டுக்கட்டாக நீருள் நட்டு, மீன் வந்து குடியேறியபின் சுற்றி வலைவளைத்துப் பிடிக்கும் முறை தலைமுறை தலைமுறையாக இருந்துவருகின்றது. கொப்புக்காகக் கண்டல் வேண்டுமாதலின், அப்பகுதி மீனவர் கண்டலை நட்டு வளர்க்கவும் பழகினர். விறகு வேண்டுவோன் மரம் நடுவது போன்ற நல்வழக்கம் இதுவாகும்.

நாம் உண்ணும் மாசி வரும் மாலைதீவிலே, 1980களின் தொடக்கத்திலிருந்து அரசாங்கம் ஆழ்கடலில் மிதவைகளைக் கட்டி வைத்துள்ளது. கடலடியில் இருத்திய கனத்த கல்லிலிருந்து நெடுங்கயிறு மேலே வந்து மிதவையைப் பிடித்திருக்கும். சூரை மீன்கள் அம்மிதவைகளைச் சூழ்ந்து திரள்வதால், மீனவர் தொலைதூரம் அலையாது தூண்டிலிடுகின்றனர். கட்டப்பட்டிருப்பது படகன்று, வெறும் மிதவையே. எனினும் அமைப்பு படகுக் கட்டின் அமைப்பேயாம்.

தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான்தீவு அலையரிப்பினாற் பெரிதும் குறுகியது. 2015ஆம் ஆண்டு முதல் அத்தீவின் கடற்புறத்தில் கொங்கிறீற்று அமைப்புகள் வரிசையாக இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணிப்பதோடு, மீனுக்கும் முருகைக்கும் இடமளிக்கின்றன. மலைச்சரிவில் கல்லணை கட்டி மண்ணைக் காக்கும் கமக்காரருக்கு இதன் நோக்கம் எளிதில் விளங்கும்.

இலங்கையில் 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஓடாது ஒதுக்கப்பட்ட பஸ் வண்டிகள் யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த கடலில் மீன் உறைவிடமாக இறக்கப்பட்டன. அதனைத் தமிழ்நாட்டு மீனவர் எதிர்த்தனர். வலைகள் சிக்கிக் கிழியும் என்பது அவர்தம் கவலைகளுள் ஒன்று. கடலடியில் எப்பொருளை இடினும், அவ்விடத்திற் தொழில் செய்வோரைக் கலந்து இடுதல் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

தவறான பொருளால் நேரும் கேடு

கடலில் இடுவதெல்லாம் மனையாகிவிடாது. அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்கப்பால் 1970களில் ஏறக்குறைய 20 இலட்சம் பழைய ரயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினர். குப்பையும் ஒழியும், மீனும் பெருகும் என்பது அவர்கள் கணக்கு. கட்டுகள் துருப்பிடித்து அறுந்தன. அவிழ்ந்த ரயர்கள் நீரோட்டத்தில் உருண்டு, அருகிலிருந்த இயற்கை முருகைக்கற் பாறைகளை மோதிச் சிதைத்தன. உயிர்களும் அவற்றிற் செழிக்கவில்லை. 2007ஆம் ஆண்டு முதல் அவற்றை மீண்டும் அள்ளியெடுக்கும் பெருஞ்செலவு ஏற்பட்டது. கனமில்லாத பொருளையும், நஞ்சு கசியும் பொருளையும், கட்டு அறுமாயின் ஓடித்திரியும் பொருளையும் கடலில் இடலாகாது.

படகின் அடியிற் பூசும் மருந்துப் பூச்சினாலும் ஒரு பாடம் கிடைத்தது. சிப்பி ஒட்டாதிருக்க வெள்ளீயம் கலந்த நச்சுப் பூச்சைப் பலகாலம் பூசினர். அந்நஞ்சு நீரிற் கரைந்து, பிரான்சின் ஆர்க்காசோன் குடாவிலிருந்த சிப்பிப் பண்ணைகளைப் பாழாக்கியது. 1982ஆம் ஆண்டில் அந்நாடு அதனைச் சிறுபடகுகளிற் பூசுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 2008ஆம் ஆண்டில் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது. பூசியோர் கொல்ல நினைத்தது தம் படகில் ஒட்டியதை மட்டுமே. செத்ததோ அயலவன் வளர்த்தது. கிருமிநாசினி தெளிப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

திரட்டுதலும் பெருக்குதலும் வேறு

கட்டுக்கல்லைச் சுற்றி மீன் நிறையக் காணப்படின், கடலில் மீன் பெருகிவிட்டதென்று உடனே கொள்ளலாகாது. முன்பு பரந்து திரிந்த மீன்கள் ஓரிடத்தில் திரண்டனவாக இருக்கலாம். அவ்வாறு திரண்டவற்றை உடனுக்குடன் பிடித்தால் கடல் முன்னிலும் வறுமையடையும். குஞ்சுகள் தப்பி வளர்ந்து முட்டையிடுமளவும் அவ்விடத்தில் பிடிக்காது விட்டாலே மனை மெய்யாகவே மனையாகும். படகுகள் நெருங்கி நிற்கும் தரிப்பிடங்களில் வலைவீச இயலாமையின், அங்கே இயல்பாகவே சிறிது காப்பு உண்டு. விதைக்கிழங்கை உண்டுவிட்டு அடுத்த போகத்தை எதிர்பார்த்தல் எவ்வாறு அறிவீனமோ, அவ்வாறே குஞ்சு மீனைப் பிடித்துவிட்டுப் பெருமீனை எதிர்பார்த்தலும் அறிவீனமாம்.

மலையிலிருந்து கடலுக்கு

எத்துணைச் சிறந்த கல்லை இடினும், நீர் கெடுமாயின் பயனில்லை. முருகையின் இளவுயிர் தூய, திண்ணிய புறத்தை நாடியே ஒட்டும். அப்புறத்தின்மேல் சேறு மெல்லிதாகப் படியினும் அது ஒட்டாது. கடற்புல்லுக்கு வெயில் வேண்டும். நீர் கலங்கினால் வெயில் அடியைச் சேராது. பசளைச் சத்து மிகுந்த நீரில் பாசி விரைந்து வளர்ந்து, மெதுவாக வளரும் முருகையையும் கடற்புல்லையும் மூடிவிடும்.

மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். அக்கரப்பத்தனையில் அரித்த மண் முழுவதும் கடலுக்குச் செல்வதில்லை. தலவாக்கலையிலுள்ள மேல் கொத்மலை அணையும், 1985இல் முற்றுப்பெற்ற கொத்மலை அணையும், அதற்குக் கீழே பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்பனவும் வழியில் உள்ளன. மண்ணின் பெரும்பகுதி இவற்றின் அடியில் தங்கும். இது ஆறுதலன்று. தங்கிய மண்ணளவுக்கு நீர் கொள்ளும் இடம் குறைகின்றது, குறைந்தால் மகாவலி நீரை நம்பி நெல் விதைப்போருக்கு நீர் தட்டுப்படும், மின்னுற்பத்தியும் தளரும். மலைக் கமக்காரர் இழந்த மேல்மண்ணே சமவெளிக் கமக்காரரின் நீர்க்குறையாக மாறுகின்றது. நீரிற் கரைந்த யூரியாச் சத்தையோ அணைகள் முற்றாகத் தடுப்பதில்லை. அதன் ஒரு பங்கு ஆற்றோடு கீழ்நோக்கிப் பயணம் செய்யும்.

எனவே இழப்பு மூன்றிடத்தில் நேர்கின்றது: பாத்தியில் ஒன்று, நீர்த்தேக்கத்தில் ஒன்று, கடலில் ஒன்று. முதலிடத்தில் தடுத்தால் மற்றை இரண்டும் தாமே குறையும். தடுப்பவருக்கே முதற்பயனும் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய பசளை அவர் மண்ணிலேயே நிற்கும்.

கமக்காரர் செய்யத்தக்கன

1. பாத்திகளைச் சரிவின் குறுக்கே, சம உயரக் கோட்டில் அமைக்க வேண்டும். மேலிருந்து கீழாக அமைத்த பாத்தி மழைநீருக்கு வாய்க்காலாகிவிடும்.

2. கான்களைக் குறுக்கே வெட்டி, கானுக்குள் இடையிடையே மண்தடுப்பு விடுதல் வேண்டும். நீர் தடுப்பிலே தேங்கி மண்ணைப் படியவிட்டு மெல்ல வழியும். படிந்த மண்ணை மழை ஓய்ந்தபின் அள்ளிப் பாத்தியிலேயே இடலாம்.

3. பாத்தி வரம்புகளிலும் கான் ஓரங்களிலும் வெட்டிவேர், மானாப்புல் முதலியவற்றை நெருக்கமாக நடுக. வெட்டிய புல் மூடாக்குக்கும் மாட்டுத் தீனிக்கும் உதவும்.

4. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் காலத்தில் நிலத்தை வெறுமையாக விடலாகாது. பயிரில்லாத பாத்தியை மூடாக்கினால் மறைக்க வேண்டும்.

5. மண்ணைச் சோதிப்பித்து அதற்கேற்ற அளவே பசளை இடுக. ஒரே முறையிற் கொட்டாது பிரித்திடுக. கடுமழை வரும் அறிகுறி தோன்றின் அன்று இடாதிருத்தல் நலம்.

6. தெளிகருவியை ஓயாவிலோ ஊற்றிலோ கழுவலாகாது. கழுவிய நீரைப் பயிரிட்ட நிலத்திலேயே தெளித்துவிடலாம். வெறும் மருந்துப் போத்தல்களையும் பசளைப் பைகளையும் நீரோடையில் எறிதல் பெருந்தீங்கு.

7. ஓடையின் இருமருங்கும் சிறிது நிலத்தைக் கொத்தாது புல்லும் மரமும் வளர விடுதல் வேண்டும். அந்நிலம் வழிந்துவரும் மண்ணை வடிகட்டும்.

8. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் நெல் விளைவிப்போர், யூரியா இட்டவுடன் வயல்நீரை வெளியே திறந்துவிடாது வரம்பைக் காத்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுடையதன்று. மண்வெட்டியும், புல்நாற்றும், சிறிது கவனமுமே வேண்டுவன. குத்தகை நிலத்தில் பயிர்செய்வோர், நிலம் தமதன்றே என எண்ணிக் கான் வெட்டாது விடுதலும் உண்டு. நிலம் பிறருடையதாயினும் அதில் இட்ட பசளையும் உழைப்பும் அவருடையவை. அரிப்பினால் முதலில் இழப்பவரும் அவரே.

கடற்கரையில் உள்ளவர் தம் படகுக் கட்டைச் சங்கிலி உரசாதவாறு திருத்தி, கட்டுக்கல்லைப் பொந்துள்ளதாகச் செய்து, குஞ்சு மீனைக் காத்தல் அவர்தம் கடமை. அக்கல்லின்மேல் சேறு படியாது நீரைத் தெளிவாக அனுப்புதல் மலையிலுள்ளோர் கடமை. இவ்விரு தொழிலாளரும் ஒருவரையொருவர் காண்பது அரிது. எனினும் ஓராற்றினால் இணைக்கப்பட்டவர். ஆதலின், அடுத்த மழைக்கு முன்னரே கமக்காரர் ஒவ்வொருவரும் தம் கான்களைச் சுற்றிப்பார்த்து, தூர்ந்தவற்றைத் திருத்தி, உடைந்த வரம்புகளைக் கட்டிக்கொள்வாராக.